மலைக்கு முதுகு காட்டாத வீடு

அடி அண்ணாமலையில ஆதிமூலம் வீட்டுக்குள்ள புதுசா யாராவது நுழைஞ்சா திகைச்சுத்தான் போவாங்க. கூடத்துல நாற்காலி எல்லாம் சினிமாக் கொட்டாய் மாதிரி ஒரே பக்கம் பார்த்து வரிசையாக் கெடக்கும். ஜன்னல்ல தெரியற அண்ணாமலையார் மலைக்கு முதுகு காட்டி உக்காரக் கூடாதுங்கறது ஆதிமூலத்தோட கொள்கை. சோறு தின்னாலும் சரி, சவரம் பண்ணிக்கிட்டாலும் சரி. பஸ்ல சீட்டு தோதா இல்லன்னா கீழ்பென்னாத்தூர் வரைக்கும் நின்னுக்கிட்டே போவாரு மனுஷன். அவர் சம்சாரம் ஜோதியம்மாள் மட்டும் என்ன கம்மியா? குழம்பு அடிபிடிச்சா ஜன்னலைத் தொறந்து மலையைத்தான் வைவாங்க. "பார்த்துக்கிட்டுதானே நிக்கற, ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?"

நடுவுல மாட்டிக்கிட்டவன் பையன் எழில். பாவம்! "உங்க வீட்ல இன்னைக்கு என்னடா படம்?"னு கேட்டே பள்ளிக்கூடத்துல உயிரை எடுத்துட்டானுங்க. ஒரு சிநேகிதனைக்கூட அவன் வீட்டுக்குக் கூட்டினு வந்தது கெடையாது. இப்போ செங்கம் ரோட்டுல ஒரு காபிக்கடையில வேலை. கூட வேலை செய்யற கீதாஞ்சலி மேல உசுரு. அவளுக்கும் அப்படித்தான். பொண்ணோட அப்பா சக்கரவர்த்திதான் லேசுல மசியாத ஆளு. வீட்டைப் பார்த்துட்டுத்தான் பதில்னுட்டாரு.

எழில், அப்பா கால்ல விழாத குறையாக் கெஞ்சினான். "ஒரு மணி நேரம்பா. நாலு பேரு வீட்ல மாதிரி எதிரும் புதிருமா உக்காரு. என் வாழ்க்கைப்பா இது."

ஆதிமூலம் மலையை ஒரு தடவை பார்த்தாரு. அப்புறம் "சரிடா"ன்னாரு.

ஞாயித்துக்கெழமை சக்கரவர்த்தியும் அவர் சம்சாரமும் வந்தாங்க. அவங்க மலையைப் பார்த்து உக்கார, எதிர்ல ஆதிமூலம் மலைக்கு முதுகைக் காட்டி உக்காந்தாரு. பேச்சு என்னமோ நல்லாத்தான் போச்சு. ஆனா மனுஷனுக்குச் சட்டை தெப்பலா நனைஞ்சிடுச்சு. ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்றாரு. கையில இருந்த டீ ஆறியே போச்சு. நமக்காக இவரை இப்படி உக்கார வெச்சுட்டோமேன்னு எழிலுக்குத் தாங்கல.

விருட்டுனு எழுந்தான். "எழுந்திரிப்பா." நாற்காலியைத் தூக்கி, சக்கரவர்த்தி பக்கத்துல மலையைப் பார்க்கப் போட்டு அப்பாவை உக்கார வெச்சான்.

"எங்க வீட்ல இப்படித்தாங்க உக்காருவோம். மலைக்கு முதுகு காட்ட மாட்டோம்."

சக்கரவர்த்தி முகம் மாறிப்போச்சு. "அப்போ எங்க பொண்ணும் வந்தா இப்படித்தான் உக்காரணுமா?"

"ஐயோ, அது அந்தப் பொண்ணு இஷ்டங்க"ன்னாரு ஆதிமூலம். "மலைக்குக் கோவமெல்லாம் வராது. இது என் கிறுக்கு."

"பின்ன ஏங்க இவ்ளோ நேரம் அவஸ்தைப்பட்டீங்க?"

"அவன் கேட்டானுங்க. இதுவரைக்கும் எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல அவன்."

சக்கரவர்த்தியும் மலையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் காலி டம்ளரை நீட்டினாரு.

"இன்னும் கொஞ்சம் டீ குடுக்கச் சொல்லுங்க, சம்பந்தி."