கொடுக்க முடியாமல் போன ஈரல்

என் தம்பி தாராவியில் தோல் பை தைக்கும் சிறிய பட்டறை வைத்திருந்தான். குடிப்பழக்கம் கிடையாது. எப்போதோ உடம்பில் புகுந்த மஞ்சள் காமாலைக் கிருமி வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் ஈரலைத் தின்றிருக்கிறது. கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, வேறு ஈரல் வைத்தால்தான் பிழைப்பான் என்றார். உறவில் யாராவது ஒரு பகுதியைக் கொடுக்கலாம், கொடுத்தவருக்கு அது மறுபடி வளர்ந்துவிடும் என்றும் சொன்னார்.

அவன் மனைவியின் ரத்த வகை சேரவில்லை. என்னுடையது சேர்ந்தது. அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த வாரமே, உங்கள் ஈரலில் கொழுப்பு அதிகம், இப்படியே வெட்டி எடுத்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். எடையைக் குறைத்துக்கொண்டு வந்தால் மறுபடி பார்க்கலாமாம்.

செம்பூரில் எங்கள் கட்டடத்தைச் சுற்றிக் காலையில் நடந்தேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து சாயங்காலமும் நடந்தேன். சோற்றை விட்டேன். பிள்ளைகள் வடாபாவ் வாங்கி வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் ஐரோலியில் இருந்த ஒரு கிளினிக்கைப் பற்றி யாரோ தம்பியிடம் சொல்லியிருக்கிறார்கள். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்களைப் பிரித்து, ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் செலுத்துவார்களாம். டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஆராய்ச்சி நடக்கிறது, பலன் இன்னும் உறுதியாகவில்லை, இவனைப் போல முற்றிப்போனவர்கள் இதை நம்பி இருக்கக் கூடாது என்றார். அப்படியே தம்பியிடம் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து அவன் மனைவி போன் செய்தாள். ஐரோலி கிளினிக்கில் அந்த ஸ்டெம் செல் ஊசி போட்டாகிவிட்டதாம். ஆட்டோ பிடித்து ஐரோலிக்கு ஓடினேன். கட்டிலில் சாய்ந்திருந்தவனிடம், என்னை ஒரு வார்த்தை கேட்டாயா என்று சண்டை பிடித்தேன்.

"நடந்து நடந்து எப்படி எளச்சிட்ட பாரு," என்றான். "ஒன் வயித்தக் கீறித்தான் நான் பொழைக்கணுமாக்கா? ஒனக்கும் ரெண்டு புள்ளைய இருக்குல்லா. இது என் எலும்புலருந்து எடுத்ததுதான. எது ஆனாலும் என்னோட போவட்டும்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வீங்கியிருந்த அவன் காலைப் பிடித்துவிட்டேன்.

அதன் பிறகு அவனுக்குப் பசி எடுத்தது. ரத்தப் பரிசோதனையில் காமாலை கொஞ்சம் இறங்கியிருந்தது. பட்டறைக்குப் போய் உட்கார்ந்தான். உண்மையைச் சொல்ல வேண்டும், நானும் நம்பிவிட்டேன். நடப்பதை நிறுத்தினேன். வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சோறு சாப்பிட்டேன்.

ஊசி போட்ட பத்தொன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. வயிற்று நீரில் கிருமி சேர்ந்துவிட்டது. ஐசியூவில் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றான். என்னவோ சொல்ல வருகிறான் என்று குனிந்தேன். பட்டறைக்கு வந்த ஆளிடம் பேசுகிற மாதிரி இந்தியில், சரக்கு நாளைக்குத் தயாராகிவிடும் மேடம் என்றான். நான் அவன் அக்கா என்று தமிழில் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவன் இந்தியிலேயே மன்னிப்புக் கேட்டான். மூன்றாம் நாள் மத்தியானம் இறந்துபோனான்.

காரியமெல்லாம் முடிந்து டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். அந்த ஊசியால்தான் போனானா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, இந்த நோயில் நடுவில் சில நாள் தேறினாற்போல் தெரிவதும் உண்டு என்றார். பிறகு, நான் நடப்பதை விடாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தேன். கிருமி பரவிய பின் யாருடைய ஈரல் இருந்தும் ஆபரேஷன் செய்திருக்க முடியாது என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனாலும் என்னால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

நான் நடப்பதை நிறுத்தியது தம்பி மனைவிக்குத் தெரியாது. துக்கம் கேட்க யார் வந்தாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க மதினி தன் ஈரலையே குடுக்க நின்னாவ," என்கிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.