கீதாவில் ஒரு எச்

டெல்லி ஓக்லாவில் எங்கள் ஆபீஸில் அகல்யா எனக்குப் பக்கத்து சீட்டு. பிறந்தது டெல்லி, படித்தது மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடம், கட்டிக்கொண்டது கும்பகோணத்துக் கலியமூர்த்தியை. அவர் ஏதோ ஓர் அமைச்சகத்தில் அசிஸ்டெண்ட். லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ். மனிதர் வாயைத் திறந்தால் மூடமாட்டார். பால்காரனிடம் கும்பகோணத்து இந்தியில் அரசியல் பேசி அவனை வேலைக்குத் தாமதமாக்குவார். அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் சாப்பாடு ஆறிவிடும், பேச்சு ஆறாது.

அந்த மனிதருக்குத்தான் 2006-இல் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்பெட்டியையே எடுத்துவிட வேண்டும், உயிர் நிற்கும், குரல் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடவுள்மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அகல்யா அழுதுகொண்டு உட்காரவில்லை. எங்கள் கம்பெனி, கிடங்குகளில் வேலை செய்கிறவர்களுக்குக் கைக்கடக்கமான ஒரு கருவி செய்துகொண்டிருந்தது. திரையைத் தொட்டால் "மூணாவது அலமாரியில் எடு" என்று பேசும். அதில் ஒரு பழைய கருவியைக் கேட்டு வாங்கிப் போனாள். ஆபரேஷனுக்கு முன்னால் கணவர் குரலிலேயே அன்றாடப் பேச்சையெல்லாம் பதிந்துவிடுவது, பிறகு அவர் தொடத் தொட அது பேசுவது. இதுதான் திட்டம்.

"எழுதிக் காட்டினாப் போச்சு, இதெல்லாம் எதுக்கு?" என்றாராம் அவர்.

"எழுதினா நான் படிப்பேன். பிரபா படிப்பாளா?"

மகள் பிரபாவுக்கு அப்போது ஐந்து வயது. தமிழில் அவளுக்கு 'அ'கூடத் தெரியாது. அதற்குமேல் அவர் மறுத்துப் பேசவில்லை. தண்ணி வேணும், வலிக்குது, ஃபேனைப் போடு என்று வரிசையாகப் பதிந்தார். நடுநடுவே மகளைக் கூப்பிடுவதும் கொஞ்சுவதும் மிரட்டுவதும். "பிரபாக்குட்டி, ஓடி வா, ஜல்தி!" என்பதை மட்டும் மூன்று நான்கு விதமாகப் பதிந்தார் என்று அகல்யா சொன்னாள்.

பதிவதற்குத் தனியாக ஒரு சின்ன டூல் உண்டு. அது குரலைச் சுருக்கி மூட்டை கட்டி வைக்கும், அவ்வளவுதான். அந்த மூட்டையை அவிழ்த்துப் பேசவைக்க ஒரு நேட்டிவ் லைப்ரரி வேண்டும். அதாவது, கருவியின் சொந்தப் பாஷையில் எழுதிய நிரல். மேலே ஓடுகிற அப்ளிகேஷன் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது வந்து வேலை செய்யும். டூலையும் லைப்ரரியையும் எழுதியவர் எங்களோடு வேலை பார்த்த ராஜசேகரன். அவர் அமெரிக்கா போய்விட்டார். மேல் அப்ளிகேஷனை அகல்யா நிதானமாக எழுதலாம் என்றிருந்தாள். அதற்குள் ஆஸ்பத்திரியில் திடீரென்று படுக்கை காலியானது. நாளைக்கே வா என்றார்கள்.

ஆபரேஷன் முடிந்தது. வீட்டுக்கு வந்த அப்பாவின் கழுத்தில் ஓட்டை. அதிலிருந்து புஸ்ஸென்று மூச்சு. பிரபா அலறிக்கொண்டு உள்ளே ஓடினாள். அதற்குப் பிறகு அவர் இருக்கும் அறைக்கே வருவதில்லை. அவர் கையைத் தட்டிக் கூப்பிட்டால் கதவுக்குப் பின்னால் நின்று, "யே அப்பா நஹீன் ஹை" என்று அம்மாவிடம் சொல்வாள். இது அப்பா இல்லையாம். அவர் காதில் விழும்படி சொல்வாள், பாவி.

அகல்யா அப்ளிகேஷனை எழுதிக் கருவியில் ஏற்றினாள். பட்டனைத் தொட்டாள். கூப்பிட்டது கிடைக்கவில்லை என்று ஒரு வரி திரையில் வந்தது. எது கிடைக்கவில்லை, ஏன் என்று ஒரு விவரமும் கிடையாது. இடம் மிச்சம் பிடிக்கப் பிழை விவரங்களையெல்லாம் கருவியிலிருந்து எடுத்திருந்தார்கள். மெஷின்கள்மேல் எனக்கு வருகிற கோபம் மனுஷர்கள்மேல் வருவதில்லை என்றால், அதற்கு இதெல்லாம் காரணம்.

லைப்ரரியை வேறு இடத்தில் வைத்துப் பார்த்தாள். அதற்குத் துணையாக வேறு ஏதாவது லைப்ரரி தேவையோ என்று தேடினாள். வேறு சிப்புக்காகச் செய்ததோ என்று சந்தேகப்பட்டாள். கருவியை மொத்தமாகத் துடைத்து முதலிலிருந்து ஏற்றினாள். அதே வரி. அமெரிக்காவுக்குப் போன் போட்டாள்.

"அதுல மெயின் ஃபங்ஷன் பேரு கீதாப்ளே. என் பொண்ணு பேரைத்தான் வச்சேன். சரியாக் கூப்பிடுறியா?" என்றார் ராஜசேகரன்.

"கீதாப்ளேதான் சார் போட்டிருக்கேன்."

"அப்ப எனக்கும் புரியலையேம்மா. நான் எழுதின சோர்ஸ் கோடுகூட எங்கிட்ட இல்ல."

லைப்ரரிக்குள் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று காட்டும் ஒரு டூலையும் ஓட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். கீதாப்ளே இருந்தது. அவள் நிரலிலும் கீதாப்ளே இருந்தது. "ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்றேன்.

"திரும்பப் பதிய முடியாது, சுப்பு சார். இருக்கிறது இது ஒண்ணுதான். உள்ள அவர் பேசிட்டிருக்கார், என்னால வெளிய எடுக்க முடியல" என்றாள். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போவாள். கன்னம் ஒட்டிப் போய்விட்டது. சேர்மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள்.

கலியமூர்த்திக்குக் கட்டுப் பிரிக்கும் நாளில் அவர்கள் இருவரோடு நானும் துணைக்குப் போனேன். ஆஸ்பத்திரி கவுண்டரில் பெரிய கியூ. எங்கள் முறை வந்ததும் அகல்யா ஒரு துண்டுக் காகிதத்தில் கணவர் பெயரை எழுதி நீட்டினாள். கவுண்டர்க்காரர் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இஸ் நாம் கா கோயீ பேஷண்ட் நஹீன்." இந்தப் பெயரில் ஆளே இல்லையாம்.

"முன்னால நிக்கிறாரே, இவர் யாரு பின்ன?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பிறகு இந்தியில் கத்தினேன்.

"கம்ப்யூட்டர் மே நஹீன் ஹை, பாய்சாப்." கம்ப்யூட்டரில் இல்லையாம்.

அகல்யா அப்படியே கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்ம ஆரம்பித்துவிட்டாள். அங்கேயும் கிடைக்கவில்லை, இங்கேயும் கிடைக்கவில்லை. கலியமூர்த்தி அவள் தோளைத் தட்டிவிட்டு, பேனாவை வாங்கி, காகிதத்தில் தன் பெயரிலிருந்த 'எச்' எழுத்தை ஒரு கோடு போட்டு அடித்தார். இங்கிலீஷில் 'மூர்த்தி' என்பதற்கு நாம் டி, எச் போடுவோம். இங்கே இருக்கிறவர்கள் வெறும் டியோடு விட்டுவிடுவார்கள். டெல்லியில் ரேஷன் கார்டிலிருந்து கேஸ் கனெக்‌ஷன் வரை அலைந்த மனிதருக்கு இது தெரியாதா? கவுண்டர்க்காரர் மறுபடி தட்டினார். "அச்சா, யே ரஹா" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அகல்யா சீட்டை வாங்கவில்லை. அடித்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், கீதா!"

"எந்த கீதா?"

"ராஜசேகரன் சார் நம்ம வழக்கப்படி எச் போட்டு எழுதியிருப்பார் சார். நான் இந்த ஊர்க்காரி, எச் இல்லாம எழுதிட்டேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தே வளர்ந்த கண்களுக்கு அது ஒரே கீதா. கம்ப்யூட்டருக்கு அவள் யாரோ இவள் யாரோ. ஓர் எழுத்து கூடவோ குறையவோ இருந்தால் அது திரும்பியும் பார்க்காது.

கட்டுப் பிரித்ததும் ஆட்டோ பிடித்து மூவரும் நேரே ஓக்லா. அகல்யா அந்த எச்சைச் சேர்த்துக் கருவியில் ஏற்றினாள். தொட்டாள். "தண்ணி வேணும்" என்றது கலியமூர்த்தியின் குரல், தெளிவாக, கும்பகோணத்து இழுப்போடு. அவர் கை தானாகத் தொண்டைக்குப் போனது. மேஜையில் கவிழ்ந்து அவள் அழுத அழுகையில் பக்கத்து கேபின் பஞ்சாபிப் பெண் தண்ணீர் கொண்டுவந்துவிட்டாள்.

சாயங்காலம் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எனக்கும் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. கலியமூர்த்தி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டையைச் சரிசெய்து, கழுத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, பட்டனைத் தொட்டார்.

"பிரபாக்குட்டி, ஓடி வா, ஜல்தி!"

உள் அறையில் ஏதோ விழுந்தது. பிரபா ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அவர் இரண்டு கைகளையும் விரித்தார். அவள் அவரைத் தாண்டி ஓடினாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள், திரைச்சீலையை விலக்கினாள், பால்கனிக்குப் போனாள். "அப்பா வந்துட்டாங்க! அம்மா, எங்க ஒளிஞ்சிருக்காங்க?"

கலியமூர்த்தி விரித்த கைகளை மடக்கிக்கொண்டு கருவியில் குனிந்தார். ஒவ்வொரு வாக்கியமாக மேலும் கீழும் தேடினார். அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்கும் தெரிந்தது, அகல்யாவுக்கும் தெரிந்தது. அப்பா இங்கேதான் இருக்கிறேன் என்ற ஒரு வாக்கியம். அதைப் பதிய வேண்டுமென்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

"அப்பா, இன்னொரு வாட்டி கூப்பிடு! நான் கண்டுபிடிச்சிடுவேன்!" என்று பால்கனியிலிருந்து குரல் வந்தது.

அவர் மறுபடியும் அந்தப் பட்டனைத் தொட்டார்.