எனக்காகச் சாட்சி சொன்ன ஓரகத்தி

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மீன்பிடித் தடைக்காலத்தில் ராயபுரத்தில் நடந்தது இது. படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில்தான் எங்கள் தெருவில் விசேஷங்கள் வைப்பார்கள். ஆண்கள் வீட்டில் இருப்பார்கள் அல்லவா. அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, என் ஓரகத்தியின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா.

நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். கீழ்த்தளத்தில் என் கணவரின் அண்ணன் குடும்பம், மாடியில் நாங்கள். அண்ணன், தம்பி இருவருக்கும் கடல் தொழில். ஓரகத்தி காசிமேட்டில் மீன் விற்கிறார். நான் திருநெல்வேலிப் பக்கத்து மளிகைக்கடைக்காரர் மகள். காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் ஆவணம் சரிபார்க்கும் வேலை.

விழாவில் சித்தி முறைக்கு நான்தான் முதல் ஆரத்தி எடுக்க வேண்டும். தட்டைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து பேண்டு வாத்தியம் ஆரம்பித்தது. கூடவே சரவெடி. எனக்குள் என்ன நடந்தது என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தட்டை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளையாக வாத்தியம் சீக்கிரமே நின்றது. ஆனாலும் இரண்டு மணி நேரம் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. இறங்கி வந்தபோது பந்தல் காலி.

மறுநாள் தெருக்குழாயில் உறவுக்காரப் பெண் ஒருத்தி, என் காதில் விழும்படியே, "நம்ம வூட்டு விசேசம்னா அதுக்கு எளப்பம்" என்றாள். திமிர் பிடித்தவள், ஒட்டாதவள், முகம் பார்த்துப் பேசாதவள் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே கேட்டுக் கேட்டு, நானும் அப்படித்தான் என்று நம்பியிருந்தேன்.

அடுத்த மாதம் ஒருநாள், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் நகராமல் நின்றது. கைபேசியில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. நாற்பது வயதுக்கு மேல் தனக்கு ஆட்டிசம் இருப்பதைத் தெரிந்துகொண்ட ஒரு பெண் எழுதியது. அது குழந்தைகளுக்கு மட்டும் உள்ளது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சத்தம், வாசனை, கூட்டம், வழக்கமான ஒழுங்கு மாறினால் வரும் தவிப்பு, பேசுவதற்கு முன் மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது... யாரோ என் வீட்டுக்குள் ஒளிந்திருந்து எழுதியது போல இருந்தது. பஸ் நகர்வதற்குள் மூன்று முறை படித்துவிட்டேன்.

ஒரு வாரம் தயங்கி, அரசு மருத்துவமனை ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த மனநல நிபுணர் பொறுமையாகக் கேட்டார். பெரியவர்களுக்கும் பரிசோதித்துச் சொல்ல முடியும் என்றார். உங்களைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர், இல்லாவிட்டால் உங்களோடு பல வருடம் வாழ்ந்தவர் ஒருவரை அழைத்து வாருங்கள் என்று தேதி குறித்த சீட்டைக் கொடுத்தார்.

அம்மா உயிரோடு இல்லை. அப்பாவைக் கேட்டேன். "கோட்டிக்காரின்னு நீயே போயி எழுதி வாங்கப் போறியா? வேற சோலி இல்லியா ஒனக்கு?" என்று போனை வைத்துவிட்டார். கோட்டி என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் பைத்தியம். கணவர், "உனுக்கு எது நிம்மதியோ அத்த செய்" என்றார். நல்ல மனிதர். ஆனால் தடைக்காலம் முடிந்திருந்தது; சீட்டில் இருந்த தேதியில் அவர் நடுக்கடலில் இருப்பார்.

அதைவிட வேறொரு பயம் எனக்கு இருந்தது. போய், அவர்கள் "அதெல்லாம் உங்களுக்கு இல்லை" என்று சொல்லிவிட்டால்? அப்புறம் நான் வெறும் திமிர் பிடித்தவள்தானே? சீட்டை மடித்துத் துணி அலமாரியில் வைத்துவிட்டேன். போக வேண்டாம் என்றே முடிவு செய்தேன்.

ஆனால் ஓரகத்தியிடம் மன்னிப்புக் கேட்பது பாக்கி இருந்தது. அவர் மகளின் விழாவை அல்லவா பாதியில் விட்டு ஓடினேன். நேரில் பேசினால் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எல்லாம் எனக்குக் கலைந்துவிடும். ஒரு ஞாயிறு மதியம் வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினேன். அன்று ஏன் ஓடினேன், அந்தக் கட்டுரை, சீட்டு, பயம் எல்லாம். மாடியிலிருந்து கீழ்வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏலத்தில் கத்திக் கத்திக் குரல் பெரியதாகிவிட்டது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எதுவானாலும் குரல் பதிவுதான் அனுப்புவார். எனக்கு அவர் என்றாலே சத்தம், மீன் வாடை. இரண்டுக்கும் ஒதுங்கியே பதினோரு வருடம் ஓட்டியிருந்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து, எழுத்துப் பிழையோடு இரண்டே வார்த்தை வந்தது: "மேல வறட்டா".

வந்தவர் தரையில் குந்தினார். "ரெண்டு தபா பட்ச்சேன்மே," என்றார். "உன்க்கு சத்தம் ஆவாதுன்னு எனக்கு எப்பவே தெரியும். பேருதான் தெரியாது."

நான் விழித்தேன்.

"அன்னிக்கு பேண்டு எப்டி பாதில நின்னுச்சு? நாந்தான் போய் நிறுத்துங்கப்பான்னேன். மொட்ட மாடி கதவாண்ட என் தம்பிய குந்த வெச்சேன், யாரும் மேல போய் உன்ன பேஜாரு பண்ணக் கூடாதுன்னு. கேட்டவங்களுக்கெல்லாம் தலவலின்னு சொல்ட்டேன்."

இன்னும் சொன்னார். மிக்சியை நான் வேலைக்குப் போன பிறகுதான் போடுவாராம். மார்க்கெட்டிலிருந்து வந்ததும் குளித்து, கையில் எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டுதான் மாடிப்படி ஏறுவாராம். விருந்தாளி வந்தால் முதல் நாளே எனக்குச் சொல்லி அனுப்புவார்; அது அவருடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன். எனக்காகத்தானாம்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ கூச்சப்படுவ."

பிறகு அவரே, "இத்துக்கு இன்னாத்துக்கு டாக்டரு? நாந்தான் கீறேனே," என்றார். எனக்கு ஒத்திகை இல்லாமலே பேச்சு வந்தது. "எம்மேல எனக்கே கோவமா இருக்குக்கா. சின்ன வயசுலருந்து. அது போகணும்" என்றேன். அவர் புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "அப்ப போய்த்தான் ஆவணும்," என்றார்.

"இல்லன்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டும். அதுக்கோசரம் நாளைக்கு உன் தலமாட்டுல மிக்சி போட்ருவனா?"

அந்த ஒரு கேள்வியில் என் பயம் பாதி போய்விட்டது. அலமாரியைத் திறந்து சீட்டை எடுத்தேன்.

குறித்த தேதியில் மார்க்கெட்டுக்கு லீவு போட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு என்னோடு வந்தார். பஸ்ஸில் வாயே திறக்கவில்லை. மருத்துவமனையில் கைக்குட்டையால் மூக்கை மூடியபடி பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டதும் எனக்கு முன்னால் உள்ளே போனார்.

நிபுணர் கேட்ட எதற்கும் அவர் பொத்தாம் பொதுவாகப் பதில் சொல்லவில்லை. எந்தத் துணி எனக்கு உறுத்தும், எந்தத் தட்டில் மட்டும் சாப்பிடுவேன், சந்தோஷமாக இருந்தால் விரல்களை எப்படி ஆட்டுவேன், கோபம் வருவதற்கு முன்னால் எப்படி ஊமையாகிவிடுவேன்... எனக்கே தெரியாத என்னை அவர் அடுக்கிக்கொண்டே போனார். எழுதிக்கொண்டிருந்த நிபுணர் ஒரு கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

"இவங்களோட இருக்கறதுல கஷ்டம் எதுவும் உண்டாம்மா?"

"கொயம்பு நல்லால்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடும்," என்றார் ஓரகத்தி. "ஆனா எங்க மாமியா படுத்த படுக்கையா கெடந்தாங்க மேடம். ஆறு மாசம். மருந்து வேள ஒரு நிமிசம் தப்பாம குட்த்தது இதுதான். நாங்கள்லாம் மறந்துடுவோம். அதயும் எய்திக்குங்க."

மூன்று தடவை போக வேண்டியிருந்தது. மூன்று தடவையும் அவர் வந்தார். கடைசியில், எனக்கு ஆட்டிசம் இருப்பதாக உறுதியாக எழுதித் தந்தார்கள். அழுவேன் என்று நினைத்தேன், அழவில்லை. முதலில் நிம்மதி. அப்புறம் நாலைந்து நாள் கடுமையான கோபம், பள்ளியில் என்னை முட்டி போட வைத்தவர்கள் எல்லார் மேலும். மெல்ல அதுவும் அடங்கியது. கிடங்கில் மேலாளரிடம் மட்டும் சொன்னேன். லாரி வாசலை ஒட்டி இருந்த என் மேசையை உள்ளறைக்கு மாற்றித் தந்தார். அப்பா இன்னும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாவிட்டாலும் இப்போது எனக்கு அது பெரிய பாரமாக இல்லை.

கடைசி நாள் திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஒன்று உறைத்தது. இதே கேள்விகளை இவரைப் பற்றி என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? பெரிய குரல், மீன் வாடை. அவ்வளவுதான். இதற்கு ஆட்டிசத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது. நான் கேட்டதே இல்லை.

"அக்கா, உங்களுக்கு எது ஆகாது?" என்று கேட்டேன்.

சிரித்தார். "இன்னாமே திடீர்னு?" என்றவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "ஆஸ்பத்திரி. எங்கம்மா செத்ததுலருந்து அந்த மருந்து நெடி பட்டாலே கொமட்டிகினு வரும். வாசப்படி ஏறுனதே இல்ல."

மூன்று தடவை ஏறியிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மருத்துவமனை தந்த தாள் என்னை எனக்குப் புரிய வைத்தது, அதற்கு நான் என்றும் நன்றியுள்ளவள். ஆனால் பக்கத்தில் இருப்பவரைச் சத்தமில்லாமல் கவனிப்பதும் ஓர் அன்புதான் என்பதை, ஊரிலேயே பெரிய குரல் கொண்ட பெண்ணிடம்தான் நான் தெரிந்துகொண்டேன்.