செருப்போடு பார்த்த ஷவர் தரை

மாத்தளை டவுனில் ஒரு டைல் கடை. அங்கே போன மாதம் ஒரு சனிக்கிழமை, என் கணவர் ஷவருக்குள் நின்றார். சட்டை, லோங்ஸ், செருப்பு எல்லாம் போட்டுக்கொண்டுதான்...

விஷயம் இதுதான். மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். எங்கள் பாத்ரூம் தரையோ பழைய வழவழப்பு. நானே அதில் சறுக்கி, குழாயைப் பிடித்துத் தப்பியிருக்கிறேன். இவள் நிறைமாத வயிற்றோடு சறுக்கினால்? அதனால்தான் ஷவர் மூலைக்குப் புதுத் தரை தேடிப் போனோம்.

கடையில் மூன்று வகை இருந்தன. பளபளவென்று வெள்ளை அக்ரிலிக் தட்டு. தூக்கவே முடியாத செயற்கைக் கல் தட்டு. அப்புறம், ஒரு பலகையில் ஒட்டி வைத்த சொரசொரப்பான சின்னச் சின்ன டைல்.

இவருக்கு அக்ரிலிக் மேல்தான் கண். ஏறி நின்று ஒரு சுற்றுச் சுற்றினார். "பாரு, கொஞ்சங்கூட வழுக்கல."

"கேரண்டி இருக்கு மிஸ்," என்றார் கடைக்காரர், எங்கள் ஊர் வழக்கில் நானா.

"எண்ணெ தேச்சுக் குளிச்சா?" என்று கேட்டேன்.

நானா கேரண்டி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தத் தட்டைச் செய்தவர்களுக்கு எண்ணெய்க் குளியல் பற்றி யார் சொல்லியிருப்பார்கள்? எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் நல்லெண்ணெய்தான். பிள்ளை பெற்றவளுக்குக் கேட்கவே வேண்டாம். எண்ணெயும் மஞ்சளுமாகத் தரை குழம்புச் சட்டி போல ஆகிவிடும்.

"செருப்பக் கழட்டிட்டு நில்லுங்க," என்றேன் இவரிடம். "குளிக்கிறப்போ செருப்பா போடுறீங்க?"

எதிர்க் கடையில் ஒரு சின்னப் போத்தல் நல்லெண்ணெய் வாங்கி வந்தேன். நானா சிரித்துக்கொண்டே ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்தார். இரண்டையும் அக்ரிலிக் தட்டில் ஊற்றினோம். இவர் வீராப்பாக ஏறினார். அடுத்த நொடி நானாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார்.

கல் தட்டு பரவாயில்லை. ஆனாலும் எண்ணெய் பட்டதும் கால் லேசாக வழுக்கியது. டைல் பலகையில்தான் கால் அசையாமல் நின்றது.

"இடுக்குல மஞ்சள் புடிக்கும் மிஸ், தேச்சுக் கழுவணும்," என்றார் நானா நேர்மையாக.

கழுவினால் போயிற்று. மகள் விழுந்துவிட்டால் எதைத் தேய்த்து என்ன பலன்?

யோசித்துப் பாருங்கள். நாம் எதையும் செருப்போடுதான் பார்த்து வாங்குகிறோம். வீட்டுக்கு வந்து வெறுங்காலோடு வாழ்கிறோம். மாப்பிள்ளை பார்ப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்... எங்கள் மாப்பிள்ளை நல்லவர். பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிப்பவர்.

டைல் பதித்து, காய்ந்து, முந்தாநாள் மகளும் வந்துவிட்டாள். நேற்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போனாள். உள்ளே தண்ணீர்ச் சத்தம். வெளியே, கதவை ஒட்டி இவர். கையில் பேப்பர், ஒரே பக்கத்தை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அது வழுக்காதுன்னு நீங்கதானே நின்னு பாத்தீங்க?"

"அது என் காலு," என்றார். நகரவில்லை.