டாக்டர் கண்ணடித்த விவகாரம்

எனக்கு ஒற்றைக் கண்ணை மட்டும் மூடத் தெரியாது. ஐம்பதைத் தாண்டியவன், அதிலும் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்கிறவன், இதை வெளியே சொல்வது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வாரம் மூக்குக்கண்ணாடி மாற்றப் போன கடையிலேயே விஷயம் அம்பலமாகிவிட்டது. "இடது கண்ண மூடிட்டு வாசிங்க சார்" என்றாள் அங்கிருந்த பெண். மூடினேன். "ஒண்ணுமே தெரியலையேம்மா" என்றேன். அவள் எட்டிப் பார்த்து, "ரெண்டையும் மூடிட்டீங்க சார்" என்று சொல்லி, கறுப்புக் கரண்டி மாதிரி ஒன்றைக் கொடுத்து மறைத்துக்கொள்ளச் சொன்னாள். சின்னப் பிள்ளைகளுக்கென்று வைத்திருப்பதாம்.

பிறகு ஒரு இயந்திரத்தின் முன் மோவாயை வைக்கச் சொன்னாள். ஒரு மின்னல். என் விழித்திரை ஆரஞ்சு நிறத்தில் டிவியில் வந்து நின்றது. அந்தப் பெண் என்னை நெருங்கவே இல்லை. நான் எழுந்ததும் மோவாய் வைத்த இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் கொரட்டூரில் இருந்தேன்.

எண்பதுகளின் கடைசி. ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் எனக்கு டியூட்டி டாக்டர் வேலை. முதலாளி டாக்டர் பெயர்ப்பலகையில் மட்டும் தவறாமல் இருப்பார். உள்ளே நானும் சிஸ்டர் பிலோமினாவும்தான். பிலோமினா பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருகிறவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ரயில் தாமதமானால் அதற்கும் நான்தான் காரணம் என்பதுபோல் ஒரு பார்வையோடு உள்ளே நுழைவார்.

என் சொத்து ஒரு கருவி. கைக்கடக்கமான ஒரு பிடி. அதற்குள் இரண்டு பேட்டரி. மேலே காது பார்க்க ஒரு தலை, கண் பார்க்க ஒரு தலை, மாற்றி மாற்றித் திருகிக்கொள்ளலாம். ஊதா வெல்வெட் வைத்த பெட்டியில் அது படுத்திருக்கும் கம்பீரத்தைப் பார்த்தால், அதன் சொந்தக்காரனும் கம்பீரமானவன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எங்கள் நோயாளிகள் அதற்கு வைத்த பெயர் 'டார்ச்சு'.

காதில் நான் தேறிவிட்டேன். பக்கத்துத் தொழிற்பேட்டைத் தொழிலாளர்கள் பலர் காது குடைவது சைக்கிள் சாவியால். அதனால் எனக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. முதலில் வலியில்லாத காது, அப்புறம்தான் வலிக்கிற காது. பெரியவர்களுக்கு மடலை மேலே, பின்னால் இழுக்க வேண்டும். கருவியைப் பேனா மாதிரிப் பிடித்து, சுண்டுவிரலை அவர்கள் கன்னத்தில் ஊன்றிக்கொள்ள வேண்டும். ஆள் திடீரென்று தலையை ஆட்டினால் கையும் கூடவே ஆடும், காதுக்குள் நுழைத்த புனல் முனை செவிப்பறையில் இடிக்காது. கள்ளிக்குப்பத்து விவசாயி ஒருவர், நான் சுண்டுவிரலை ஊன்றியதும், "இன்னா டாக்டரே, கன்னத்த தடவுற? சவரம் பண்ணிக்கினுதான் வந்தேன்" என்றார். அந்தச் சிரிப்பில் அவர் தலை குலுங்கியது, என் கையும் குலுங்கியது, காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாடப்புத்தகத்தில் எழுதியிருந்ததெல்லாம் உண்மை என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

கண் அப்படியில்லை. நோயாளியின் வலது கண்ணை நம் வலது கண்ணால் பார்க்க வேண்டும், இடதை இடதால். மாற்றிச் செய்தால் மூக்கும் மூக்கும் முட்டும். சரியாகச் செய்தாலும் கன்னத்துக்கும் கன்னத்துக்கும் இடையில் ஒரு தீப்பெட்டிதான் நுழையும். அறை வேறு இருட்டாக இருக்க வேண்டும். பார்க்காத கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு பழகு என்று கல்லூரியில் சொன்னார்கள். நான் பழகவில்லை. அந்தக் கண்ணை மூடப் பார்ப்பேன். அது மூடாது, படபடவென்று அடித்துக்கொள்ளும். வாய் அதே பக்கம் ஏறிக்கொள்ளும். விடுதி நண்பர்கள், "மச்சான், நீ கண்ணடிச்சா பொண்ணு வெக்கப்படாதுடா, வலிப்புன்னு நெனச்சு தண்ணி தெளிக்கும்" என்பார்கள்.

இப்படிப்பட்ட என்னிடம்தான் தனலட்சுமி வந்தாள். எக்ஸ்போர்ட் துணிக் கம்பெனியில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறவள். "காலைல எழுந்தா தல உள்ளேர்ந்து முறுக்கறா மாதிரி கீது டாக்டர். வாந்தியும் வருது. குனிஞ்சா கண்ணு அப்டியே இருட்டிட்டு அப்பால வருது" என்றாள். தையல் கோணிப்போகிறது என்று அவளை மிஷினிலிருந்து எழுப்பி நூல் வெட்டுகிற இடத்தில் உட்கார வைத்துவிட்டார்களாம். "இன்னும் கோணிச்சின்னா ஊட்டுக்கே அனுப்பிருவாங்க" என்றபோது குரல் இறங்கியது.

கணவன் ஏழுமலை ஆட்டோ ஓட்டுகிறவன். வெளியே பெஞ்சில் இருந்தான். பெண்களுக்குக் கண் பார்க்கும்போது சிஸ்டர் அறையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். பிலோமினா ஊசி போடப் போயிருந்தார். ஒரு நிமிட வேலைதானே என்று விளக்கை அணைத்தேன். 'கிட்டத்தில் வருவேன், பயப்படாதே' என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அதையும் சொல்லவில்லை. சுவர்க் காலண்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவள் வலது கண்ணை நோக்கிக் குனிந்தேன்.

செந்நிற வெளியில் நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடம் தெரிந்தது. வட்டமாக, விளிம்பு தெளிவாக இருக்க வேண்டியது. இருக்கவில்லை. ஈரக் காகிதத்தில் மை ஊறினதுபோல் விளிம்பு கலைந்திருந்தது. நிஜமாகவே அப்படியா, அல்லது என் கண் துடிப்பதால் அப்படித் தெரிகிறதா? உறுதியாகப் பார்க்க என் இடது கண்ணைப் பலங்கொண்ட மட்டும் மூட முயன்ற அந்த நொடியில், மின்விசிறிக் காற்று கதவுத் திரையைத் தூக்கியது.

"இன்னாய்யா! வைத்தியம் பாக்க வந்தா கண்ணா அடிக்கிற?"

ஏழுமலை உள்ளே வந்துவிட்டான். பின்னாலேயே வரிசையில் இருந்த எல்லோரும். "அவளுக்கு நரம்பு வீங்கியிருக்கும்போல, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். "கண்ணட்ச்சிட்டு இப்ப நரம்பு கிரம்புன்னு கத வுடுறியா?" என்று தனலட்சுமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் வாசல்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பிலோமினா கைகட்டி நின்றார். "நாலு பேரு பாக்கற எடத்துல கண்ணடிக்கிற தைரியம் உங்களுக்கு ஏது டாக்டர்? நான் இருந்திருந்தா அதையாவது சொல்லிருப்பேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளிம்பு நிஜமாகவே கலைந்திருந்தால், தலைக்குள் அழுத்தம் ஏறி அந்த நரம்பை நசுக்கிக்கொண்டிருக்கிறது. நாள் கடந்தால் பார்வை போய்விடும், போனால் திரும்பாது. அவமானத்தைவிட அதுதான் என்னை உறுத்தியது. அன்று கண்ணாடி முன் நின்று, கருவியை வலது கண்ணில் வைத்துக்கொண்டு, இடது கண்ணைத் திறந்தே வைத்திருக்கப் பழகினேன். கல்லூரியில் சொன்னதைக் கேட்க எனக்கு ஒரு ஆட்டோக்காரர் வந்து கத்த வேண்டியிருந்தது.

காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். துணைக்கு பிலோமினா. ஏழுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீங்களே என் கண்ணப் பாருங்க. அப்புறம் என்னை அடிக்கணும்னா அடிங்க" என்று கருவியை நீட்டினேன். பக்கத்து ஆட்டோக்காரர் ஒருவர் ஆர்வம் தாங்காமல், "பாரு மாமே, ஓசில டாக்டராவு" என்றார். ஸ்டாண்டே கூடிவிட்டது.

இருட்டு வேண்டுமே. ஆட்டோவின் மழைப் படுதாவை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தோம். பிலோமினா கருவியின் விளிம்பை ஸ்பிரிட்டால் துடைத்து, வெளிச்சத்தைக் குறைத்துக் கொடுத்தார். ஏழுமலை கருவியை வலது கண்ணில் வைத்து என்னை நோக்கிக் குனிந்தான்.

"செவப்பாத்தான் கீது. வேற ஒண்ணும் தெர்லியே."

"இன்னும் கிட்ட வாங்க."

வந்தான். அவன் மூச்சில் காலை டீயின் இஞ்சி வாசனை. ஊன்றிப் பார்க்கும் முயற்சியில், அவனை அறியாமல், அவன் இடது கண் அழகாக மூடிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஒருவர் படுதாவை விலக்கினார்.

"டேய்! நம்ம ஏழுமல டாக்டர பாத்து கண்ணட்க்கிறான்டோய்!"

ஸ்டாண்டு முழுக்க ஒரே சிரிப்பு. "அண்ணாத்தே, அண்ணிகிட்ட சொல்லவா?" என்று யாரோ கேட்டார். ஏழுமலை கருவியை என்னிடம் கொடுத்துவிட்டு, சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றான். "இது தானா மூடிக்கிது சார்" என்றான். பிறகு முகம் மாறியது. "நரம்பு வீங்கிக்கிதுன்னியே, அது நெசந்தானா?"

"அத உறுதியாச் சொல்லத்தான் இன்னொரு தடவ பாக்கணும்."

படுதாவைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வண்டியை விட்டான்.

அரை மணி நேரத்தில் தனலட்சுமி கிளினிக்கில் இருந்தாள். பிலோமினா ஒரு பக்கம், ஏழுமலை இன்னொரு பக்கம். எவ்வளவு கிட்டத்தில் வருவேன், ஏன் வருகிறேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். இரண்டு பக்கமும் விளிம்பு கலைந்துதான் இருந்தது. சீட்டு எழுதிக் கொடுத்தேன். ஏழுமலையே அதே ஆட்டோவில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். கட்டி எதுவும் இல்லை, தலைக்குள் நீரின் அழுத்தம்தான். நேரத்தில் வந்தீர்கள் என்றார்களாம். மருந்தில் மெல்ல இறங்கியது. அவளை மறுபடி மிஷினில் உட்கார வைத்தார்கள்.

அந்த கிளினிக் இப்போது செல்போன் கடை. முதலாளி டாக்டர் கடைசியில் பெயர்ப்பலகையிலும் இல்லாமல் போனார். பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்து, என் கருவியின் பிடி திறக்க முடியாமல் இறுகிவிட்டது. அந்தத் துணிக் கம்பெனியும் இல்லை. இருட்டறையில் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு கண்ணுக்குள் பார்ப்பதை இந்தத் தலைமுறை டாக்டர்களிடம் சொன்னால், ஏதோ தொற்றுநோயைக் கேள்விப்பட்டதுபோல் பார்க்கிறார்கள். நல்ல மாற்றம்தான். இயந்திரத்தை யாரும் தவறாக நினைப்பதில்லை.

மிஷினுக்குத் திரும்பிய கொஞ்ச நாளில், பார்வை தெளிந்த தனலட்சுமி ஸ்வீட் டப்பாவோடு கிளினிக்குக்கு வந்தாள். நான் வெள்ளைக் கோட்டை நீவிவிட்டுக்கொண்டு, நன்றி சொல்வாள் என்று அடக்கமான முகத்தோடு காத்திருந்தேன். அவள் என்னை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"கோட்டு காலர்ல தையல் கோணலா போயிருக்கு டாக்டர். எங்க கம்பெனியில இத ரிஜெக்டுல போட்ருவோம்."