பஞ்சு விழுந்த கண்

என் இடது கண் செய்து பொருத்திய கண். புகைப்படங்களில் அதுதான் லட்சணமாக விழும். வலது கண் சொந்தக் கண்தான், ஆனாலும் பாதி தூங்கிக்கொண்டிருக்கும்.

திருப்பூரில் எங்கள் வீட்டு முன்பாதியில் அப்பாவின் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்கள் ஓடின. பின்பாதியில் நாங்கள் குடியிருந்தோம். அந்த இரைச்சல்தான் என் தாலாட்டு. கரண்ட் போய் மெஷின் நின்றால் திடுக்கிட்டு எழுந்து அழுவேன். இன்றைக்கும் அமைதியான ஊரில் எனக்குத் தூக்கம் வராது. பஞ்சுத் தூசி சோற்றிலும் இருக்கும், சாமி படத்திலும் இருக்கும். எங்கள் தெருவில் கண் சிவந்தால் காரணம் பஞ்சுதான். மகளைக் கட்டிக்கொடுத்த அன்று அழுத மாமாகூடப் பஞ்சு விழுந்ததாகத்தான் சொன்னார்.

ஆகவே ஆறு வயதில் என் இடது கண் சிவந்தபோது யாரும் பதறவில்லை.

"பஞ்சு உழுந்திருக்கும் கண்ணு, கசக்காத" என்றார் அப்பா.

எனக்கும் சந்தோஷம்தான். பள்ளிக்கூடம் இல்லை, வாய்ப்பாடு இல்லை.

சிவப்பு போகவில்லை. கண் டாக்டரம்மா, உள்ளே அழற்சி என்று சொட்டு மருந்து கொடுத்தார். கண் தெளிந்தது, வாய்ப்பாடு திரும்பி வந்தது. மருந்தை நிறுத்தியதும் கண் மறுபடி சிவந்தது. அடுத்த முறை கருவிழிக்குள் கீழ்ப்பக்கமாக வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார்.

"சீழாட்டந்தான் தெரியுதுங்க. ஆனா மருந்துக்கு அடங்கமாட்டேங்குது. கொழந்தைங்க கண்ணுல அபூர்வமா ஒரு கேன்சர் வரும். சிலசமயம் இப்படி அழற்சி மாதிரியே வேஷம் போடும். உடனே கோயமுத்தூர் போயிருங்க."

கோயமுத்தூரில் மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். அதேதான். நரம்பு வழியாக மூளைக்குப் போகுமுன் கண்ணையே எடுத்துவிட வேண்டும் என்றார் பெரிய டாக்டர்.

"வேற சொட்டு மருந்து குடுங்க டாக்டர், எத்தன நாளானாலும் உடறோமுங்க. கண்ணில்லாம பையன் எப்படிங்க பொழைப்பான்?" என்றார் அப்பா.

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, பையன் இருந்தாத்தானுங்க பொழைக்கறதுக்கு?"

அப்பா கையெழுத்துப் போட்டார்.

நரம்பில் நோய் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, எடுத்த கண்ணை லேபுக்கு அனுப்பினார்கள். நான் இல்லாமல் என் கண் தனியாகப் போன முதல் பயணம் அது. முடிவு வரும்வரை அப்பா டீயைத் தவிர எதையும் தொடவில்லை. நான் கட்டுப் போட்ட முகத்தோடு பக்கத்துக் கட்டில் பையனுடன் கொள்ளைக்காரன் விளையாடிக்கொண்டிருந்தேன்.

முடிவு வந்தது. "நரம்புல இல்லீங்க" என்றார் டாக்டர்.

"இன்னொருக்கா சொல்லுங்க டாக்டர்."

"நரம்புல இல்லீங்க. ஆனா செக்கப்புக்கு ஒழுங்கா வரணும்."

"இன்னும் ஒருக்கா…"

அம்மா அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

எதிரே இருந்த ஓட்டலில் அப்பா ரோஸ்ட்டுக்கு மேல் ரோஸ்ட்டாகச் சாப்பிட்டார். நான் தண்ணீர் டம்ளரை எட்டிப் பிடித்தேன். ஒற்றைக் கண்ணுக்கு இன்னும் தூரம் பிடிபடவில்லை; கை நேராகச் சாம்பாருக்குள் போனது. அப்பா சிரித்துவிட்டார். "புள்ளையப் பாத்துச் சிரிக்கறீங்களே, வெக்கமா இல்லீங்களா?" என்று அதட்டிய அம்மாவுக்கே பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. நான் மறுபடியும் கையை விட்டேன், இந்த முறை வேண்டுமென்றே.