பக்கத்து இருக்கையில் ஏறியவர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. இது நள்ளிரவில் நடக்கவில்லை. சுடுகாட்டிலும் நடக்கவில்லை. பட்டப்பகலில், என் சொந்தக் காரில், முன்னும் பின்னும் வாகனங்கள் நெருக்கியடித்த நெடுஞ்சாலையில் நடந்தது. போன மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை.

என் பெயர் விஜயன். வயது அறுபத்தொன்று. ஈப்போவில் தனியாக இருக்கிறேன். பிள்ளைகள் இல்லை. மனைவி சீதாலெட்சுமி இறந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. நாங்கள் இருவரும் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் ஒரே வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். "ஒரு நாள் காரை எடுத்துக்கிட்டுப் போய் எல்லாரையும் பாத்துட்டு வரணும்ங்க" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். லீவு இல்லை, நேரம் இல்லை என்று தள்ளிப்போட்டேன். நான் ஓய்வு பெற்றபோது அவள் படுக்கையில் இருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை தனியாகவே கிளம்பினேன். பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு. பிறகு எங்கள் குடியிருப்பு இருந்த இடத்துக்குப் போனேன். இப்போது அங்கே உயரமான கட்டடங்கள். தண்டவாளத்தை ஒட்டி ஒரு பழைய செங்கல் சுவர் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதன் அருகே காரை நிறுத்தினேன். ஆள் நடமாட்டமே இல்லை. சீதாவும் நானும் பள்ளிக்கூடம் போக நடந்த பாதை அதுதான்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அழுகை வந்தது. கிளம்பும்போது எனக்கு என்ன தோன்றியதோ, காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வா, ஏறிக்க. கிள்ளான் சித்தி வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

கொஞ்ச நேரம் காத்திருந்து கதவைச் சாத்தினேன். மணி 2:05.

இன்ஜினை இயக்கினேன். டிங்... டிங்... டிங்...

பக்கத்து இருக்கையில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்ற எச்சரிக்கை. சிவப்பு விளக்கும் எரிந்தது. இருக்கையில் ஒன்றுமில்லை. பையெல்லாம் பின்னால் இருந்தது.

சுங்கை வேயில் என் மாமா மகன் சிவநேசன் கார் வர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். எப்படியும் அவனைப் பார்க்க வேண்டும். அங்கே போகும்வரை அந்தச் சத்தம் ஓயவில்லை. சிவநேசன் இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தான். வயரைக் கழற்றி மாட்டினான். நிமிர்ந்தபோது அவன் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"சென்சார் ஓகேதான் மச்சான். வெயிட் இருந்தாத்தான் அடிக்கும்."

"இப்ப வெயிட் இல்லையே?"

"அதான் தெரியல லா. பெல்ட்ட சும்மா மாட்டி விட்ரு. சத்தம் நின்னுடும்."

அவன் என்னை இரவு தங்கச் சொன்னான். சித்தி காத்திருப்பார் என்று கிளம்பிவிட்டேன். மணி 4:15.

காருக்குள் உட்கார்ந்து பக்கத்து பெல்ட்டை இழுத்து மாட்டினேன். சத்தம் நின்றது. உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குப் பயமே இல்லை. சந்தோஷமாக இருந்தது. சீதா வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பெடரல் நெடுஞ்சாலையில் கடும் நெரிசல். நான் பேச ஆரம்பித்தேன். எட்டு மாதமாக யாரிடமும் பேசாததை எல்லாம் பேசினேன். காலி வீட்டில் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அடுக்குவதைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னேன். அவள் கடைசி மூச்சு விட்டபோது நான் பக்கத்தில் இல்லை. ஆஸ்பத்திரியில் தேநீர் குடிக்கக் கீழே போயிருந்தேன். அவள் தனியாகப் போனாள். உறவினர்களிடம், அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததாகப் பொய் சொல்லியிருந்தேன்.

ஷா ஆலம் தாண்டும்போது மழை பிடித்தது. மணி 5:18.

அப்போதுதான் கவனித்தேன். பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் வட்டமாக ஓர் ஆவிப் படலம். யாரோ மூச்சு விட்டது போல. பெரிதாகியது... சுருங்கியது... மறுபடி பெரிதாகியது.

சீதா குள்ளம். அவள் தலை இருக்கையின் தலைச்சாய்ப்பைக்கூட எட்டாது.

அந்த வட்டம் அதற்கும் மேலே இருந்தது.

பெல்ட்டைப் பார்த்தேன். நான் மாட்டியபோது தட்டையாகக் கிடந்தது. இப்போது முன்னால் புடைத்திருந்தது. அகலமான உடம்பைச் சுற்றியது போல.

காருக்குள் ஈரத்துணி வாடை.

"சீதா... நீதானே?"



கண்ணாடியில் பெரிதாகிச் சுருங்கிக்கொண்டிருந்த அந்த மூச்சு சட்டென்று அடங்கியது. நான் சொல்வதை யாரோ கூர்ந்து கேட்பது போல.

அதன் பிறகு நான் பேசவில்லை. இடப்பக்கம் திரும்பவும் இல்லை.

5:52. கிள்ளான். இராஜம்மா சித்தியின் வீட்டு கேட்.

நான் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

க்ளிக்...

பக்கத்து பெல்ட் தானாகக் கழன்றது.

சித்தி குடையோடு வந்தார். என் அம்மாவின் தங்கை. எழுபத்தாறு வயது. அவரும் தனியாகத்தான் இருந்தார். ஒரே மகள் மாதவி பினாங்கில் வேலை பார்க்கிறாள். சித்தி என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"வாப்பா விஜயா. கூட வந்தவர ஏன் மழையில நிக்க வச்சிருக்க?"

"யாரு சித்தி?"

"அந்த ஆளுதான்... ஓ, உள்ள போயிட்டாரா."

சித்தியின் பின்னால் உள்ளே போனேன். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, "சித்தி, என்னோட ஈப்போவுக்கு வந்துடுங்க" என்று கெஞ்சினேன். ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் சிரித்தார். "என் வீட்ட விட்டு நான் எங்கப்பா வர்றது?" 6:40க்குக் கிளம்பிவிட்டேன். திரும்பும் வழியில் சத்தம் இல்லை. வாடை இல்லை. இருக்கை காலி. அது என்னை விட்டு இறங்கிவிட்டது என்ற நிம்மதி மட்டும்தான் எனக்கு இருந்தது. எங்கே இறங்கியது என்று யோசிக்கத் துணிவில்லை.

புதன்கிழமை காலை 7:30. மாதவி போனில் அழைத்தாள்.

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணே. கிளம்பினதும் திரும்பி வந்து அம்மாவுக்குத் துணையா இத்தன நாள் தங்கியிருக்கீங்களே."

"நான் சனிக்கிழமையே வந்துட்டேன் மாதவி."

"விளையாடாதீங்க அண்ணே. நேத்து ராத்திரிகூட அம்மா போன்லேர்ந்து என்கிட்ட பேசினீங்களே. அண்ணி போறப்ப நீங்க பக்கத்துல இல்லேன்னு சொன்னீங்களே... நான் எவ்வளவு அழுதேன்."

அதை நான் காருக்குள் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

அவளிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவளும் பினாங்கிலிருந்து கிளம்பினாள். நான் கிள்ளான் போய்ச் சேர்ந்தபோது மணி 11:20. சித்தி வாசலில் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்னப்பா, இப்பத்தானே பஸ்ஸுக்குக் கிளம்பின? எதையாவது மறந்துட்டியா?"

"எங்கே போறேன்னு சொன்னேன் சித்தி?"

"ஈப்போவுக்குத்தான். வீடு பூட்டிக் கிடக்கு, போய்ப் பாக்கணும்னு சொன்னியே."

சித்திக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அன்று மாலையே மாதவி ஏதோ காரணம் சொல்லி அவரைப் பினாங்குக்குக் கூட்டிப்போனாள். நானும் அவர்களோடு போனேன். இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

ஈப்போவில் என் எதிர்வீட்டில் ஷாஹுல் என்ற இளைஞர் இருக்கிறார். நல்ல மனிதர். அந்தப் புதன்கிழமை மாலை 4:10க்கு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அங்கிள், வந்துட்டீங்களா? கை காட்டினேன், கவனிக்கல போல." நான் பதில் போடவில்லை. என்ன போடுவது?

இரண்டு வாரம் கழித்து அவரே அழைத்தார். நான் ஹலோ சொன்னதும் தயங்கினார்.

"அங்கிள், உங்க காரையே காணோமே, வெளியூர்லயா இருக்கீங்க?"

"ஆமாப்பா."

"அப்போ வீட்டுல யாரு? தினம் சாயங்காலம் லைட் எரியுது. பேச்சுச் சத்தம் கேட்குது. ஒரு ஆம்பள குரல், உங்க குரல்னுதான் நெனச்சேன்..."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள். ஒரு லேடி சிரிக்கிற சத்தமும் கேட்குது. எங்க உம்மாவும் கேட்டாங்க. ஆன்ட்டி சிரிப்பு மாதிரியே இருக்குன்னு சொல்றாங்க."